நான்காவது தீர்மான அட்டை

அன்புள்ள மாவி,

உனக்கும் மகளுக்கும் கர்த்தருடைய சமாதானம். அம்மாவின் மூட்டுவலி தேவலையா? நான் சுகமாக இருக்கிறேன். மும்பையில் மழை விடவில்லை.

ஞாயிறன்று இங்குள்ள நம் மிசோ சபையில் எழுப்புதல் கூட்டம் நடந்தது. மனந்திரும்புகிறவர்களை அழைத்ததும், வழக்கம்போல நான்தான் முதலில் முன்னே போய், மனந்திரும்பிவிட்டதாகத் தீர்மான அட்டையில் பெயர் எழுதினேன். போதகர் தங்சுவாமா சிரித்துவிட்டார்.

"பியாகா, இந்த வருஷம் இது நாலாவது அட்டைப்பா! ஆண்டவர் உள்ள வான்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு. நீ ஏன் வாசல்லயே நிக்குற?"

அவரிடம் சொன்னதை உன்னிடமும் சொல்கிறேன். அன்று கிழவர் ஸோமாவின் கால்மேல் ஜீப்பை ஏற்றியது உன் தம்பி ரோசாங்கா அல்ல, நான். குடித்துவிட்டுப் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தவனை இழுத்து ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்தேன். தான் ஓட்டியதாகவே அவன் இன்னும் நம்புகிறான். நம் ஊர் சம்பாய் சபை நடுவில் எழுந்து நின்று, என் பாவத்துக்காக அவன் அழுது மன்னிப்புக் கேட்டபோது, நானும் ஆமென் சொன்னேன்.

"இதை என்கிட்ட சொல்லி என்னப்பா? அவன் நின்ன இடத்துல போய் நில்லு" என்றார் போதகர்.

மூப்பர்களிடம் இக்கடிதத்தைக் கொடுத்து, சபையில் வாசிக்கச் சொல். கெஞ்சுகிறேன், கிழித்துவிடாதே. என் வெள்ளைச் சட்டையைத் துவைத்து வை. இங்கே தனியாகச் சோறு இறங்கவில்லை. கொஞ்சம் கீரையாவது வேகவைத்து வை. பன்னிரண்டாம் தேதி வருகிறேன். ஓட்டல் சமையலறையில் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள்.

ரோசாங்கா என்னை அடித்தால் நீ குறுக்கே வராதே.

பியாகா