கண்டக்டர் ஏறாத வண்டி

மார்ச் 4

பிரியமுள்ள டிரைவர் மச்சானுக்கு,

வந்து சேர்ந்தோம். போனில் பேசினால் உங்கள் தங்கச்சி காதில் விழும். அதனால்தான் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். ஓட்டல் அறை முப்பத்திரண்டாவது மாடி. ஜன்னல் பக்கமே நான் போவதில்லை. தெருவில் யாரும் நடப்பதில்லை, எல்லாம் ஓட்டம்தான். இரண்டு நிமிடத்துக்கு ஒரு ரயில், அதற்கு டிரைவரே கிடையாதாம்! உங்கள் பிழைப்பில் மண்.

நாலு இடம் பார்த்தால் அவள் மறதி குறையும் என்றுதான் சுற்றுலா கூட்டி வந்தேன். காலையில் குளித்துவிட்டு வந்து, "இது யாரு வீடு?" என்றாள். என் மகனிடம் மூச்சு விடாதீர்கள்.

உங்கள் கண்டக்டர்

மார்ச் 5

அன்பு மாப்பிள்ளைக்கு,

உனக்கென்ன பைத்தியமா? வெளியூர் வேண்டாம் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னாரே! ஓட்டல் விலாசத்தை எழுதித் தங்கச்சி கழுத்தில் மாட்டு. கையை விடாதே. முப்பது வருஷம் நம் பஸ்ஸில் எல்லாரையும் ஏற்றிவிட்டுக் கடைசியில்தான் தொற்றிக்கொள்வாய். நான் கண்ணாடியில் பார்த்து வண்டியை மெதுவாக்குவேன். அங்கே உனக்காகப் பார்க்க ஆளில்லை, ஞாபகம் இருக்கட்டும்.

டிரைவர்

மார்ச் 7

மச்சான்,

உங்கள் வாய்முகூர்த்தம் பலித்துவிட்டது. நேற்று மத்தியானம் ஸ்டேஷனில் நெரிசல். அவளை முதலில் ஏற்றினேன். பின்னால் ஒரு பெரியவர், கைக்குழந்தையோடு ஒரு பெண். பழக்கதோஷம், "ஏறுங்க, ஏறுங்க" என்று வழிவிட்டு நின்றேன். கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள். "ஹோல்டான்! ஹோல்டான்!" என்று பஸ்ஸை நிறுத்துவதுபோல் ரயிலைத் தட்டிக்கொண்டே ஓடினேன். அது பாட்டுக்குப் போய்விட்டது.

விலாசச் சீட்டு என் சட்டைப்பையில் இருந்தது. கழுத்தில் மாட்ட மனசு வரவில்லை, பாவி நான்.

ஒவ்வொரு ஸ்டேஷனாக இறங்கித் தேடினேன். மூன்று மணி நேரம். கடைசி ஸ்டேஷனில், பெஞ்சில், மடியில் கைப்பையோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு காவலாளி. அவனுக்குப் புரியுமா புரியாதா என்றெல்லாம் இல்லை, நம் மொழியிலேயே சொல்லிக்கொண்டிருந்தாள்: "வண்டி கடைசி ஸ்டாப்புக்கு வந்தாச்சுன்னா, கண்டக்டர் வந்துதானே ஆகணும்?"

ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அழாதீங்க. உங்க வீட்டு ஆளும் தொலைஞ்சு போச்சா? இப்படி உக்காருங்க. எங்க வீட்டுக்காரர் இப்ப வந்துருவாரு, அவர்கிட்ட சொல்லித் தேடச் சொல்றேன்."

உட்கார்ந்தேன்.

நாளை காலை ஊருக்கு விமானம். விமான நிலையத்துக்கு வண்டி எடுத்துக்கொண்டு நீங்களே வாருங்கள் மச்சான். உங்களையாவது அவளுக்குத் தெரிகிறதா பார்ப்போம். எனக்குப் பயமாக இருக்கிறது.

கண்டக்டர்