வெள்ளிக்கிழமைத் தவணை

சின்ன காஞ்சிபுரம்
11-6-1972

சௌபாக்கியவதி லோகாம்பாளுக்கு அப்பா மனமார ஆசீர்வதித்து எழுதுவது. வரதர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சௌக்கியம், அம்மாவின் முழங்கால் வலி மட்டும் போவதும் வருவதுமாக இருக்கிறது. பிலாய் வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தை பூவம்மாளும் எப்படி இருக்கிறீர்கள் என்று உடனே எழுது.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. ரேடியோ வாங்கப்போவதாக எழுதியிருந்தாய், சந்தோஷம், தமிழ்ப் பாட்டுக் கேட்காமல் காது அடைத்துப்போச்சு என்கிறாய், நியாயம்தான். ஆனால் மாதம் முப்பது ரூபாயாகப் பத்து மாதம், வட்டியே கிடையாது என்று கடைக்காரன் சொன்னதாக எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததும் எனக்கு நம் தையல் மிஷின் வந்த நாள்தான் ஞாபகம் வந்தது. உனக்கு ஏழு வயசு. மாட்டு வண்டியில் அதை இறக்கினபோது நீ வண்டிக்காரனுக்கு முன்னால் ஓடி வந்து பெரிய மனுஷி மாதிரி வழி விடுங்க வழி விடுங்க என்றாய். அதுவரைக்கும் நான் அடுத்தவன் கடையில் கூலிக்குத் தைத்தவன். மிஷின் ஓடுகிற சத்தத்தில்தான் நீ மத்தியானம் தூங்குவாய், ரவிக்கை வெட்டின பட்டுத் துண்டையெல்லாம் பொறுக்கித் தலைகாணிக்குள் அடைத்து வைப்பாய். இன்றைக்கும் அதே மிஷின்தான், சத்தம் கொஞ்சம் கூடியிருக்கிறது, எனக்கும் வயசாச்சு.

அதுவும் வட்டியில்லாத் தவணைதானம்மா. மாதம் இருபது, பன்னிரண்டு மாதம். பதினோரு மாதம் தேதி தவறாமல் கட்டினேன். கடைசித் தவணைக்குப் பணம் வியாழக்கிழமையே மடியில் இருந்தது, கல்யாண ரவிக்கைகள் குவிந்து கிடந்ததால் நாளைக்குத்தானே கெடு என்று இருந்துவிட்டேன். விடிந்தால் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை வீட்டுப் பணம் வெளியே போனால் லட்சுமியும் கூடவே போவாள் என்று அம்மா சொன்னாள், நானும் அப்படியே வளர்ந்தவன்தான். சனிக்கிழமை காலையில் குளித்து நெற்றிக்கு இட்டுக்கொண்டு ராஜா மாதிரி போனேன். கணக்குப்பிள்ளை நான் கையெழுத்துப் போட்ட காகிதத்தை எடுத்துக் கடைசி வரியைக் காட்டினார், ஒரு நாள்னாலும் தவணை தவறினதுதான்பா, முதல் நாள்லேர்ந்து முழுத் தொகைக்கும் வட்டி உண்டு, பத்து நாள்ல கட்டலைன்னா மிஷினைத் தூக்கிக்கினு வந்துடுவோம் என்றார். நாற்பத்து மூன்று ரூபாய். பதினோரு ரசீதையும் நீட்டினேன், அதெல்லாம் சரிதான் என்றார். போதாக்குறைக்கு அதே மிஷினை ஐயம்பேட்டை முருகேசன் ரொக்கத்துக்கு இருநூற்றுப் பதினைந்துக்கு வாங்கியிருக்கிறான். நான் ஒப்புக்கொண்டது இருநூற்று நாற்பது. வட்டியை விலைக்குள்ளேயே சுருட்டி வைத்துவிட்டு வட்டி இல்லை என்றிருக்கிறார்கள்.

இனி எழுதப்போவதைப் பதினைந்து வருஷமாக நான் யாருக்கும் சொல்லவில்லை. குழந்தைக்கு நகை போட்டுக் கூட்டத்துக்கு அழைத்துப்போக மாட்டேன், சின்ன வயசில் நான் சங்கிலியைத் தொலைத்த மாதிரி இவளும் தொலைப்பாள் என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்தப் பத்து நாள் கெடுவுக்குள் வந்த கருட சேவை அன்று உன்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு பெருமாள் குடை ஆடி ஆடி வருவதைக் காட்டினேன், நீ இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பிக்கொண்டிருந்தாய். அப்போது உன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி மடியில் செருகியவன் நான்தான். நீ தொலைக்கவில்லை. மறுநாள் அது நாற்பத்தைந்து ரூபாய்க்குப் போயிற்று. மிஷின் வீட்டில் நின்றது. ஆனால் அம்மா உன்னை விளக்குமாற்றால் அடித்தபோது, நான் ஜாக்கிரதையாத்தான் இருந்தேம்பா என்று என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாய். நான் வாயைத் திறக்கவில்லை. வட்டி இல்லை என்று சொன்ன கடனுக்கு எட்டு வயசில் வட்டி கட்டியவள் நீ.

நேற்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். புள்ளைய அடிக்க உட்டுட்டுப் பாத்துக்கினு நின்னீங்களே, நீங்கல்லாம் ஒரு மனுசனா என்று கேட்டாள். இரண்டு வேளையாகக் குழம்பில் உப்பு இல்லை, வாயைத் திறக்காமல் சாப்பிடுகிறேன்.

ரேடியோ வேண்டாம் என்று சொல்லவில்லை. ரொக்கத்துக்கு என்ன விலை என்று முதலில் கேள், வித்தியாசம் இருந்தால் அதுதான் வட்டி. ஒரு தவணை பிந்தினால் என்ன செய்வார்கள் என்பதை மாப்பிள்ளையைக் கடைசி வரி வரைக்கும் படித்துச் சொல்லச் சொல். கெடு தேதியைச் சம்பளத்துக்குப் பத்து நாள் தள்ளி வைத்துக்கொள், ஆனால் சம்பளம் வந்த அன்றைக்கே கட்டிவிடு, கிழமை பார்க்காதே.

தெருக்கோடி மரியம்மாள் மகன் சாமுவேல் லீவு முடிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை பிலாய்க்குப் புறப்படுகிறான். அவனிடம் முக்கால் பவுன் சங்கிலி ஒன்று கொடுத்தனுப்புகிறேன். ரொக்கம் கொடுத்து, வெள்ளிக்கிழமையில்தான் வாங்கினேன். முதலில் நீ ஒரு நாள் போட்டுக்கொள், பிறகு குழந்தைக்குப் போடு, எந்தக் கூட்டத்துக்கும் தைரியமாக அழைத்துப் போ. மூவரும் நோய்நொடி இல்லாமல் தீர்க்காயுசாக இருக்க வேண்டும். சங்கிலி கைக்கு வந்ததும் ஒரு கார்டு போடு. கோபமாக இருந்தாலும் போடு.

இப்படிக்கு, உன் அப்பா,
கலியாணசுந்தரம்

கடிதத்தை ஒட்டப்போனேன், அம்மா வாங்கி வைத்துக்கொண்டு வெகு நேரம் கொடுக்கவில்லை. அடிச்ச கை இப்பதான் வலிக்குதுன்னு எழுதுங்க என்றாள். எழுதிவிட்டேன்.