அரையணா ஏற்றிய உப்பு

ஐப்பசி 14, செவ்வாய்.

இன்று செம்மேட்டுச் சந்தையில் உப்புக்குப் படிக்கு அரையணா ஏற்றினேன். யுத்தத்தால் சரக்கு வரவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் பழைய விலைக்கு வாங்கிய உப்பு இன்னும் இரண்டு மாதத்துக்குப் போதுமான அளவு கிடங்கில் கிடக்கிறது. விலை ஏறினால் குறைத்து வாங்குவார்கள் என்று நினைத்தேன். யாரும் குறைக்கவில்லை.

அரியூர் நாட்டுப் பாப்பாயி வழக்கம்போல் இரண்டு படி அளக்கச் சொன்னாள். மகளுக்கென்று என் கடையில் எடுத்து வைத்திருந்த சீட்டித் துணியைத் திருப்பித் தந்தாள்.

"துணி பொறவு பாத்துக்கலாங்க. உப்பில்லாம புள்ளைங்களுக்குக் களி எறங்காதுங்க. யுத்தத்துல உங்களுக்கும் கஷ்டந்தானுங்களே" என்றாள்.

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

அவள் போனதும், இன்னும் அரையணா ஏற்றினாலும் இவள் வாங்குவாள் என்றுதான் முதலில் தோன்றியது. வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது.