ஏழாம் வகுப்பில் படித்த கடிதம்

ஜூன் 4

என் செல்லக் குட்டிம்மா,

சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டால் உனக்குக் கோபம் வரும். கேட்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

இன்று வரலாற்றுப் பாடத்தில் ஏழாம் வகுப்புக்கு ஒரு பழைய மில் முதலாளியின் கடிதத்தை நகலெடுத்துக் கொடுத்தேன். தொழிலாளர்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தார். ஒரு வாண்டு எழுந்து, "சந்தோஷமா இருக்கோம்னு அவங்க சொல்லலையே டீச்சர், இவர்தானே சொல்றாரு?" என்றது. எதைப் படித்தாலும் எழுதியது யார், யாருக்காக, எதற்காக என்று கேளுங்கள் என நான் தொண்டை கிழியக் கத்தியது வீண்போகவில்லை.

யாரிடம் இருக்க விரும்புகிறாய் என்று அடுத்த மாதம் கோர்ட்டில் உன்னைக் கேட்பார்கள். அம்மாவிடம் என்று சொல்லிவிடு, கண்ணே. உன் அறைக்குப் புதுத் திரைச்சீலைகூடத் தைத்துவிட்டேன்.

உன் அம்மா

ஜூன் 11

அன்புள்ள அம்மா,

நான் அப்பாவோடு இருக்கவே விரும்புகிறேன். இங்கே மகிழ்ச்சியாக இருக்கிறேன். கோர்ட்டிலும் இதையேதான் மனப்பூர்வமாகச் சொல்வேன். உன்மேல் கோபம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் மகள்

ஜூன் 15

குட்டிம்மா,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டேன். இது உன் பேச்சே இல்லை. மனப்பூர்வமாக என்று நீ என்றைக்கடி எழுதினாய்? ஓர் அடித்தல் திருத்தல்கூட இல்லை. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதினாயா?

எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது. பெயர் எதுவும் சொல்லாமல், உன் கடிதத்தையே நகலெடுத்து ஏழாம் வகுப்பிடம் கொடுத்தேன். "யாரோ பக்கத்துல நின்னு எழுத வெச்சிருக்காங்க டீச்சர்" என்று வகுப்பே சொன்னது. பார்த்தாயா, குழந்தைகளுக்கே தெரிகிறது. உன் காலில் விழுகிறேன், உண்மையை எழுது. வந்துவிடு.

உன் அம்மா

ஜூன் 20

அம்மா,

என் கடிதத்தை வகுப்பில் கொடுத்தாயா? அந்த மில் தொழிலாளர்கள் செத்துப்போய்விட்டார்கள், அவர்களைக் கேட்க முடியாது. நான் உயிரோடுதானே இருக்கிறேன்? என்னைக் கேட்டிருக்கலாமே.

அப்பா வேலைக்குப் போயிருந்தபோது எழுதினேன். நீ தப்புக் கண்டுபிடிப்பாய் என்று பயந்து, பல தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டு நல்லதாக ஒன்று எழுதினேன். தலைவலிக்கிறது என்று உன்னிடம் சொன்னால், பரீட்சைக்குப் பயமா, யார் என்ன சொன்னார்கள் என்று துருவித் துருவிக் கேட்பாய். அப்பா மாத்திரை கொடுத்துவிட்டு விளக்கை அணைப்பார். அவ்வளவுதான்.

உன்னை எனக்கு ரொம்பப் பிடிக்கும். கோர்ட்டில் நீ எதிரில்தான் உட்கார்ந்திருப்பாய். நான் பேசும்போது அழாதே, அம்மா. நீ அழுதால், உன்னிடம் வருகிறேன் என்று சொல்லிவிடுவேன். அதுதான் பொய்யாக இருக்கும்.

குட்டி