உள்ளங்கைச் சீனி

அன்புள்ள மச்சான்,

அல்லாஹ் உங்கள் கபுறுக் குழியை விசாலமாக்கட்டும். நீங்கள் மவுத்தான பிறகு உங்களுக்கு எழுதுவது இதுதான் முதல் தரம். வாயால் தினமும் கதைக்கிறேன்தான். அசர் தொழுதுவிட்டுக் குசினிக் கதவடியில் பிளேன்டியோடு உட்காரும்போதெல்லாம் கதைக்கிறேன். மகள் கேட்டால் பயந்துவிடுவாள் என்று மெதுவாக.

அந்தத் தேத்தண்ணியைப் பற்றித்தான் இன்றைக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் சாய்ந்தமருது வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்த புதிதில் என் கையை இழுத்து உள்ளங்கையில் சீனியைக் கொட்டினீர்களே, ஞாபகம் இருக்கிறதா? "கோப்பைக்க போட்டா கரைஞ்சி போயிரும் புள்ள. இப்பிடி நக்கி நக்கிக் குடிச்சாத்தான் ருசி." அன்றிலிருந்து உங்கள் கைக்கு ஒரு குவியல், என் கைக்கு ஒரு குவியல். நீங்கள் போனதும் வீட்டுக்குள்ளேயே நான் இத்தா இருந்த நாட்களிலும் அதை விடவில்லை. உங்கள் சட்டைகளை மகள் கொடுத்துவிட்டாள். கருவாட்டுக் கடையையும் மூடியாயிற்று. எனக்கென்று மிஞ்சியது இந்தக் கைச்சீனிதான் மச்சான்.

இப்போது என் காலும் வீங்குகிறது. உங்களுக்கு வீங்கிய மாதிரியேதான், பின்னேரமானால் செருப்பு கொள்ளாது. பிரஷரும் கூட.

நானும் நீங்கள் செய்ததையே செய்தேன், உப்பை நிறுத்தினேன். காலமெல்லாம் கருவாடு விற்ற மனுஷன், "இந்த உப்புத்தான் என்னைக் கவுத்திட்டுது" என்று கருவாட்டோடேயே கோவித்துக்கொண்டீர்கள்! உங்கள் நோன்புக் கஞ்சி உப்பில்லாமல் தனிச் சட்டியில் கொதிக்கும். வாய் சப்பென்று இருக்கிறது என்று சர்பத்தை இரண்டு கிளாஸ் இழுப்பீர்கள். ஏசினால், "எனக்குச் சீனி வருத்தம் இல்ல, சும்மா இரி" என்பீர்கள்.

போன கிழமை மகள் என்னைக் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே சின்ன வயதில் ஒரு டொக்டர் பிள்ளை. "உப்பைக் குறைச்சது நல்லம் உம்மா. தேத்தண்ணிக்கு எவ்வளவு சீனி?" என்று கேட்டாள். கையைக் குவித்துக் காட்டினேன்.

"ஒரு தரத்துக்கா?"

"ஓம்."

"ஒரு நாளைக்கு எத்தின தரம்?"

நான் முகட்டைப் பார்த்தேன்.

அவள் சொன்னதைக் கேளுங்கள். சீனி அதிகமாகப் போனால் உடம்பு இன்சுலினைக் கூட்டிச் சுரக்குமாம். அது சிறுநீரகத்திடம், உப்பை வெளியே விடாதே என்று சொல்லுமாம். மூத்திரத்தோடு போக வேண்டிய உப்பு உள்ளே நின்றுவிடும். உப்பு நின்றால் தண்ணீரும் நிற்கும். மாரி காலத்தில் நம் கடை உப்பு மூட்டை தானாக நனைந்து கிடக்குமே, அதுதான் எனக்கு நினைவு வந்தது. "வாயால போற உப்பை நிப்பாட்டிட்டு, வெளிய போற உப்பைச் சீனியால பிடிச்சி வெச்சிரிக்கீங்க உம்மா" என்றாள்.

"அப்ப எங்கட மனுஷன்ட காலும் இதாலதானா?"

"அவரைப் பாக்காம சொல்ல ஏலா உம்மா. கால் வீங்கக் கன காரணம் இரிக்கி."

உங்களிடம் ஒருவரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லையே மச்சான். கேட்டிருந்தால் இன்றைக்கும் என் பக்கத்தில் இருந்திருப்பீர்களா?

மகள் வீட்டுக்கு வந்ததும் சீனிப் போத்தலை ஒளித்துவிட்டாள். நான் சண்டை பிடித்தேன். "வாப்பாவும் இல்ல. நீங்களும் போனா நான் ஆரிட்ட வாற உம்மா?" என்று அழுதாள்.

இன்று அசருக்குப் பிறகு சீனி இல்லாமல் பிளேன்டி ஊற்றினேன். பழக்கத்தில் கை தானாக விரிந்தது. அதில் ஒன்றும் இல்லை. ஒரு மிடறு குடித்தேன், அப்படியொரு கசப்பு. உங்களை இரண்டாம் தரம் அடக்கம் பண்ணினது போல அழுதேன். விரிந்த கை விரிந்தபடியே இருந்தது. மற்றக் கையையும் அதோடு சேர்த்து ஏந்தி உங்களுக்காகத் துஆக் கேட்டேன். பிறகு ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன்.

இனி அசருக்குப் பிறகு என் கை துஆவுக்குத்தான் மச்சான், சீனியைத் தொட மாட்டேன். சுவர்க்கத்தில் அல்லாஹ் நம்மைச் சேர்த்து வைத்தால், நீங்கள் எவ்வளவு கொட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன். அங்கே கால் வீங்காதுதானே?

உங்கள் கையால் சீனி வாங்கிய,
உங்கள் மனுசி