எனக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாய்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், அதில் ஒருவர் கணக்கு மட்டும் சந்தேகத்தில் இருக்கிறது, கீழே படித்துக்கொள். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஆனால் மருத்துவர் நடக்கச் சொன்னால் வீட்டுக்குள்ளேயே நடந்துவிட்டு நடந்தாயிற்று என்கிறாள். அக்காவின் மகள் நடக்கத் தொடங்கிவிட்டாள், யார் கையைப் பிடித்தாலும் பிடிக்காது, தட்டிவிடுகிறாள், உன் அக்கா அவளைத் தாத்தா மாதிரி என்கிறாள், நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனை நீ பாதியில் வைத்துவிடுகிறாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது. போன ஞாயிற்றுக்கிழமை நான் நேராகத்தான் கேட்டேன், சிகரெட் குடிக்கிறாயா என்று. விடுமுறைக்கு வந்தபோதே எனக்குத் தெரியும். வாயில் பெப்பர்மிண்ட்டைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் வந்தாய், பையைத் திறந்தால் சட்டையெல்லாம் வாடை. இருபத்தாறு வருடமாக வண்டிகளின் சைலன்சரில் குழாயை விட்டுப் புகையை அளக்கிறவனை ஒரு மிட்டாயால் ஏமாற்றலாம் என்று நினைத்தாயே, அதுதான் எனக்கு முதல் வருத்தம். நீயாகச் சொல்வாய் என்று இரண்டு மாதம் பொறுத்தேன். நீ சொன்னது என்ன? ஒரு நாளைக்கு நாலுதான், நண்பர்கள் எல்லோரும் குடிக்கிறார்கள், தேர்வு முடிந்ததும் விட்டுவிடுவேன். தம்பி, இதையெல்லாம் நான் தினமும் லாரி ஓட்டுநர்களிடம் கேட்கிறேன். நேற்றுவரை புகையே வரவில்லை என்பான் ஒருவன், எல்லா வண்டியும் இப்படித்தான் என்பான் இன்னொருவன், அடுத்த மாதம் கட்டாயம் சரிசெய்துவிடுவேன் என்பான் மூன்றாமவன். உள்ளே வருமுன் தெருமுனையில் நிறுத்தி நன்றாக முடுக்கிக் கரியைக் கக்கவிட்டு வருகிறவனும் உண்டு, முழுதாக மிதி என்றால் ஆக்சிலேட்டரைப் பாதி மிதிக்கிறவனும் உண்டு. ஒருவனுக்கும் நான் சான்றிதழ் கொடுத்ததில்லை. உனக்கும் கொடுக்க மாட்டேன்.

கடைசியில் ஒன்று கேட்டாய். "நீங்க இருபத்திரண்டு வருஷம் குடிச்சீங்களே, உங்களுக்கு என்ன ஆயிடுச்சு?" கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை, ஏனென்றால் பதில் என்னிடம் இல்லை. விட்டுப் பதினொரு வருடமாயிற்று, படி ஏறினால் இரைக்கிறது, வயது என்று நினைத்துக்கொள்வேன். சரி, இவனுக்குக் காகிதத்தில் காட்டுவோம், அப்பாவின் நுரையீரல் கல்லு மாதிரி இருக்கிறது, ஆனாலும் நீ குடிக்கக் கூடாது என்று சொல்வோம் என்று மருத்துவமனையில் ஊதிப் பார்க்கும் சோதனைக்குப் பெயர் கொடுத்தேன்.

இனி எழுதுவதைப் படித்துச் சிரித்தால் சிரித்துக்கொள். சோதனைக்கு மூன்று நாள் முன்பிருந்து பலூன் ஊதிப் பழகினேன். யாருக்குப் பிறந்தநாள் என்று உன் அம்மா கேட்டாள். சோதனையன்று காலை வெந்நீரில் ஆவியும் பிடித்துக்கொண்டு போனேன், தெருமுனையில் முடுக்குகிற லாரிக்காரனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் சொல். மூக்கில் கிளிப் மாட்டிக் குழாயைக் கடிக்கச் சொல்லி, ஊதுங்க, இன்னும் ஊதுங்க, விடாதீங்க என்று அங்கிருந்த பெண் விரட்டினாள், உன் அக்கா வயதுதான் இருக்கும். வந்த எண்ணைப் பார்த்ததும், இந்த மெஷினைக் கடைசியாக எப்போது சரிபார்த்தீர்கள் என்று கேட்டேன். ஒட்டியிருந்த சீட்டைக் காட்டினாள், போன வாரம். "ஐயா, மூணு தடவையும் ஒரே அளவுதான் வருது. மெஷின் மேல தப்பு இல்ல." இந்த வாக்கியத்தை நான் ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடம் சொல்கிறேன். என் வயதுக்காரன் நூறு ஊதவேண்டிய இடத்தில் நான் அறுபத்திரண்டுதான் ஊதுகிறேனாம்.

நான் குடித்த கணக்கைக் கேட்டுவிட்டு மருத்துவர் ஸ்கேனும் எடுக்கச் சொன்னார். வலது நுரையீரலின் மேல்பக்கம் ஒரு புள்ளி, மிளகைவிடச் சற்றுப் பெரியது. இப்படிப்பட்ட புள்ளிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை, பழைய தழும்பாகவும் இருக்கலாம், ஆனால் இல்லை என்று இப்போதே சொல்ல மாட்டேன், ஆறு மாதம் கழித்து மறுபடி எடுத்து வளர்ந்திருக்கிறதா என்று பார்க்கலாம் என்றார். நான் விடுவேனா, விட்டுப் பதினொரு வருடமாயிற்றே, பழைய கணக்கு அழிந்திருக்க வேண்டாமா என்று வாதாடினேன். ஆபத்து பாதிக்குப் பாதி குறைந்திருக்கும், ஆனால் குடிக்கவே குடிக்காதவன் நிலைக்கு வராது என்றார். கல்லூரியில் படிக்கிற பையன் இப்போது விட்டால் என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "அவன் ஏறக்குறைய மொத்தத்துலேர்ந்தும் தப்பிச்சுடலாம்" என்றார். சிகரெட்டுக்குப் பதிலாக இழுக்கலாம் என்று நீ சொன்ன அந்த ஆவி மெஷினைப் பற்றியும் கேட்டேன், அதுவும் வேண்டாம் என்றார்.

நீ கேட்டதற்கு இதுதான் பதில். நான் குடித்தது தப்பு, உன்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு குடித்தது அதைவிடத் தப்பு. அதனால் நீ குடிப்பது சரியாகிவிடாது, அந்த வாதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வராதே. நாலை மூன்றாக்குகிறேன், இரண்டாக்குகிறேன் என்று இழுக்காதே, ஒரு தேதி வைத்து நிறுத்து. தனியாக முடியாவிட்டால் உன் கல்லூரி மருத்துவ அறையில் புதன்கிழமை பிற்பகலில் இதற்கென்றே ஒருவர் உட்காருகிறார், மெல்லும் மருந்தும் கொடுக்கிறார்கள். எனக்கு எப்படித் தெரியும் என்றால், உன் கல்லூரி அலுவலகத்துக்கு நானே போன் செய்தேன். எந்தத் துறைப் பையனின் அப்பா என்று அந்த எழுத்தர் கேட்டார், சொல்லவில்லை, பயப்படாதே.

மறு ஸ்கேன் உன் தேர்வு முடிந்த இரண்டாம் வாரம். நீ வா. விட்டுவிட்டு வந்தால் நல்லது, விடாவிட்டாலும் வா, மருத்துவமனை வரிசையில் என்னோடு உட்கார். ஆனால் அங்கே வைத்து என்னிடம் நாலுதான் என்று சொல்லாதே.

நேரத்துக்குச் சாப்பிடு, நன்றாகப் படி, நூறு வயதுவரை மூச்சு முட்டாமல் இரு. ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு பேசும்போது நாக்கை அடக்கிக்கொள், புள்ளி விஷயம் அவளுக்குச் சொல்லவில்லை, அக்காவுக்கும் சொல்லவில்லை. உனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்துகொண்டு நீ என்ன செய்கிறாய் என்று பார்க்கிறேன்.

கோபம் தீராத,
உன் அப்பா