வலது பக்கத்துப் படம்

பென்னலூர்
13-6-2004

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி நெல்லையப்பன் எழுதுவது. நானும் மஞ்சுளாவும் நம் தங்கச்சி மாரியும் நலம். நீ அங்கே பெங்களூரில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? உன் ஹாஸ்டலுக்குப் போன் போட்டால் வார்டன் அம்மா எடுத்த வேகத்தில் வைத்துவிடுகிறார். அதனால்தான் கடிதம்.

போன மாதம் நீ வந்து மாரிக்குச் சொல்லிக்கொடுத்த விளையாட்டு நன்றாகப் பிடித்துக்கொண்டது. ரெண்டு படத்தை முன்னால் வைத்து, "ஏட்டி, எது வேணும்?" என்று கேட்டால் ஒன்றைத் தொடுகிறாள். இருபத்திரண்டு வருஷமாகத் தனக்கு என்ன வேண்டும் என்று சொல்லத் தெரியாமல் இருந்தவள். மஞ்சுளாவே, "இன்னா ஷோக்கா தொடுது பாரு" என்று அசந்துபோனாள்.

நானும் ஒரு திருத்தம் செய்திருக்கிறேன். எங்கள் கம்பெனி லைனில் நல்ல பீஸ் வலது டிரேயில் போகும், ரிஜெக்ட் இடது டிரேயில். அதேபோல மாரிக்கும் நல்லதை எப்போதும் வலது பக்கமே வைக்கிறேன். குளிப்பது வலது, சும்மா இருப்பது இடது. சோறு வலது, மிக்சர் இடது. இப்போது அடமே இல்லை. இவ்வளவு படித்த உனக்கு இது தோன்றவில்லையே!

ஒரே கவலை, மஞ்சுளாவுக்கு இது ஐந்தாம் மாதம். ரெண்டு பேரும் ஷிப்டுக்குப் போகும்போது மாரியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போகிறோம். வீட்டு ஓனர் நாகப்பன் அண்ணன் அவ்வப்போது ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொள்கிறார். நல்ல மனுஷன்.

உன் அன்புத் தம்பி,
நெல்லையப்பன்

பெங்களூர்
20-6-2004

அன்புத் தம்பிக்கு,

மஞ்சுளாவை எடை தூக்க விடாதே. கீரை வாங்கிக் கொடு.

உன் திருத்தத்தைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். கோபித்துக்கொள்ளாதே. எது நல்லது என்று நீயே முடிவு செய்து வலது பக்கம் வைத்துவிட்டால், அவள் தேர்ந்தெடுக்க என்ன மிச்சம் இருக்கிறது? அவள் படத்தைப் பார்க்கவில்லையடா, பக்கத்தைப் பார்க்கிறாள்.

எங்கள் ஆராய்ச்சிக்கு வருகிறவர்களில் தாவீது என்று ஒருவர். மாரியைப் போல மனவளர்ச்சி குன்றியவர். டீ என்றால் அவருக்கு உயிர் என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தது. டீ டம்ளரையும் பால் டம்ளரையும் இடம் மாற்றி மாற்றி வைத்த பிறகுதான் தெரிந்தது, மனுஷன் கதவோரம் இருக்கும் டம்ளரை எடுக்கிறார், அவ்வளவுதான். ரெண்டையும் கதவுக்குச் சமதூரத்தில் வைத்தபோது டீயைத் தள்ளிவிட்டார். டீ அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. அத்தனை வருஷமும் குடித்திருக்கிறார். அன்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

இனி ஒவ்வொரு தடவையும் பக்கத்தை மாற்றி வை. அவளைக் கேட்காமல் எதையும் செய்யாதே. அப்புறம், அந்த ஓனர் ஏன் எட்டிப் பார்க்கிறார்? ஜன்னலுக்குத் திரை போடு.

அக்கா,
அன்னக்கிளி

பென்னலூர்
8-8-2004

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு நல்ல செய்தி. நாகப்பன் அண்ணன் மாரியைக் கட்டிக்கொள்ளக் கேட்கிறார். நாற்பத்தைந்து வயது. நிலத்தைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு, எங்களைப் போன்றவர்களுக்கு வரிசையாக ரூம் கட்டி விட்டிருக்கிறார். "இன்னாப்பா, ஒன் தங்கச்சிய என் வூட்டுக்கு அனுப்பிடேன். சோறாக்கத் தெரியலன்னா பரவால்ல. சொன்ன பேச்சு கேக்குதில்ல, அது போதும்" என்றார். கண் கலங்கிவிட்டது எனக்கு. நம் மாரிக்கு ஒரு கல்யாணம் நடக்கும் என்று அம்மாகூட சாகும்வரை நினைக்கவில்லை.

நீ சொன்னபடி அவளைக் கேட்டேன். எங்கள் ரூம் போட்டோ ஒரு பக்கம், அண்ணன் போட்டோ ஒரு பக்கம். அண்ணனும் கூடவே இருந்தார். மாரி அவர் போட்டோவைத்தான் தொட்டாள். அவர் கைதட்டிச் சிரித்தார், இவளும் சிரித்தாள். செப்டம்பர் 12, மணிமங்கலம் கோயிலில். லீவு சொல்லி வை.

நெல்லையப்பன்

பெங்களூர்
14-8-2004

நெல்லை,

அவர் போட்டோவை எந்தப் பக்கம் வைத்தாய்?

மாற்றி வைத்து இன்னொரு தடவை கேள். அந்த ஆள் இல்லாதபோது கேள். நாற்பத்தைந்து வயதுக்காரருக்கு இதற்கு முன் மனைவி இல்லையா? அவள் எங்கே?

எனக்குப் பயமாக இருக்கிறது.

அன்னக்கிளி

பென்னலூர்
21-8-2004

அக்கா,

வலது பக்கம்தான் வைத்திருந்தேன். கைப்பழக்கத்தில் வந்துவிட்டது, சத்தியமாக வேண்டுமென்று செய்யவில்லை.

நீ எழுதியபடி மாற்றி வைத்துக் கேட்டேன். எங்கள் ரூமைத் தொட்டாள். மறுபடி மாற்றினேன். அவரைத் தொட்டாள். மஞ்சுளா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அந்தாளு சம்சாரம் ஏன் ஓடிச்சுன்னு ஊருக்கே தெரியும். குடிச்சா கையி சும்மா இருக்காது" என்றாள். இதை அவள் முன்னாலேயே சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆனால் நான் என்ன செய்வேன்? ஒரே ரூம். மாரி இருக்கிற இடத்தில் பச்சைப் பிள்ளையைப் போடமாட்டேன் என்று மாமியார் ஒரே பிடியாக நிற்கிறார். கல்யாணத்தை நிறுத்தினால் ரூமைக் காலி செய்யச் சொல்வார் ஓனர். நீ கூட்டிக்கொண்டு போவாயா? உன் ஹாஸ்டலில் விடுவார்களா? விடமாட்டார்கள் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பேசுவது சுலபம் அக்கா.

நெல்லையப்பன்

பெங்களூர்
27-8-2004

என் தம்பிக்கு,

நீ கேட்டது நியாயம். படித்த அன்றே பேராசிரியர் வீட்டு வாசலில் போய் நின்றேன். வளாகத்திலேயே ஒரு அறை தருகிறார்கள். மாரி என்னோடு இருக்கலாம். 10-ஆம் தேதி காலை வந்து அவளை அழைத்துக்கொள்கிறேன். அதுவரை அவளைத் தனியாகப் பூட்டிவிட்டுப் போகாதே. ஓனரிடம் இப்போது எதுவும் சொல்லாதே. ரூமைக் காலி செய்யச் சொன்னால் செய். வேறு ரூம் பார்க்கலாம்.

அக்கா

பென்னலூர்
7-9-2004

அக்காவுக்கு,

இங்கே எல்லா ரூமுக்கும் வருகிற தபாலை ஓனர்தான் வாங்கிவைப்பார். உன் கடிதம் பிரித்த நிலையில்தான் என் கைக்கு வந்தது. கொடுத்துவிட்டு, "பன்னெண்டாந்தேதி வரிக்கும் இன்னாத்துக்கு?" என்று மட்டும் சொன்னார். ஒன்றாம் தேதியே தாலி கட்டிவிட்டார். நான் மாலை எடுத்துக் கொடுத்தேன். உன்னிடம் மறைக்கவில்லை.

நேற்று சாயங்காலம் மாரியைப் பார்க்கப் போனேன். கன்னம் வீங்கியிருந்தது. பாத்ரூமில் வழுக்கிவிட்டாளாம், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த ஓனர் சொன்னார். ரிப்பனும் வளையலும் வாங்கிப்போயிருந்தேன். ரெண்டையும் அவள் முன்னால் வைத்து, "ஏட்டி, எது வேணும்?" என்றேன்.

அவள் கை எந்தப் பக்கமும் போகவில்லை. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் வளையலைக் கண்ணால் காட்டினார். அதைத் தொட்டாள். இடம் மாற்றி வைத்தேன். அப்போதும் முதலில் அவர் முகத்தைத்தான் பார்த்தாள்.

கல்யாணம் ஆகி ஒரு வாரம்கூட ஆகவில்லை அக்கா. அதற்குள் கற்றுக்கொண்டுவிட்டாள்.

நெல்லையப்பன்